ஏழடிக் கறுப்பு மண்

மொட்டைமாடியில் உட்கார்ந்து என் மருமகள் ரம்யா கத்தரிக்கோலால் ஒரு பையின் வாயை வெட்டிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணி இருக்கும். கீழே தெருவில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

பை அழகாக இருந்தது. பச்சைப் புல்வெளி, நீல வானம், நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இரண்டு கையிலும் தக்காளியோடு சிரித்தது.

"என்னம்மா இது?"

"பீட் மாஸ், மாமா. அடையாறு நர்சரில வந்திருக்கு. வெளிநாட்டுச் சரக்கு. எங்க மாடித்தோட்ட குரூப்ல இப்போ எல்லாரும் இதைத்தான் போடறா. தக்காளி அள்ளிக் கொட்டறதாம்."

கையை உள்ளே விட்டேன். பழுப்பு நிறம். தேயிலைத் தூளைவிட லேசு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தேன். ஐம்பது வருடப் பழக்கம் அது, மண்ணைக் கண்டால் கை தானாக மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை. எலும்பு வரை காயவைத்து, அரைத்து, அமுக்கி, கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் வாசனை போகவில்லை. ஈரமான, ஆழமான, கொஞ்சம் புளித்த வாசனை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைத் திருப்பிக் குடுத்துட்டு வா" என்று கத்தினேன்.

"வாயை வெட்டியாச்சே மாமா. எப்படித் திருப்பி எடுத்துப்பான்?"

"இது எங்கேர்ந்து வர்றது தெரியுமா? இது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ற சமாசாரம். இந்தப் பை உயரத்துக்கு வளர முந்நூறு நானூறு வருஷம் ஆயிருக்கும். அதை நீ நாலு தொட்டில கொட்டப்போற."

ரம்யா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவளுக்கு என்னிடம் பயம் கிடையாது, அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

"நாலு தக்காளிச் செடிக்கு இவ்ளோ பெரிய லெக்சரா? நீங்க ரிட்டையர் ஆகி இருபது வருஷம் ஆச்சு மாமா. இன்னும் மண்ணைப் பார்த்தா ரிப்போர்ட் எழுதணுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் 'ரிப்போர்ட்' என்ற அந்த வார்த்தைக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கி வந்து என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த வாரம் இந்தப் பத்தியில் தியாகராய நகர் அலுவலக நாட்களைப் பற்றி, அங்கே நாங்கள் அடித்த கூத்துகளைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அந்த அலுவலகம் இந்தக் கட்டுரையிலும் வரும், கூத்து வராது. எழுதாமல் தள்ளிப்போட்ட ஒன்றை எழுதப்போகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

மழையை மட்டும் குடிக்கும் மேடு

முதலில் அந்தப் பைக்குள் இருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

நான் மண் பொறியாளன். கட்டடம் எழும்பும் முன் நிலத்தில் துளையிட்டு, கீழே என்ன மண், எவ்வளவு தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். கல்யாணத்துக்கு முன்பு ஆறு மாதப் பயிற்சிக்காக அயர்லாந்துக்குப் போனேன். வேலை, இளகிய நிலத்தில் சாலை போடுவது எப்படி என்று கற்றுக்கொள்வது. அதற்காக ஒரு நாள் எங்களை ஊருக்கு வெளியே ஒரு சமவெளிக்கு அழைத்துப் போனார்கள்.

சமவெளியின் நடுவில் நிலம் ஒரு பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோல உப்பியிருந்தது. பக்கத்து வயல்களைவிட இரண்டு மூன்று ஆள் உயரம். அது பாறையோ மண்மேடோ இல்லை. முழுக்க முழுக்க நீரும் செத்த பாசியும்.

ஒரு காலத்தில் அங்கே ஏரி இருந்ததாம். நாணல் வளர்ந்து ஏரி தூர்ந்தது. அதன் மேல் ஒருவகைப் பாசி வந்து குடியேறியது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பாசி அது. மேலே வளரும், கீழே சாகும். ஆனால் நீருக்குள் காற்று இல்லாததாலும் பாசி தன்னைச் சுற்றிப் புளிப்பை ஏற்றிவிடுவதாலும், செத்தது அழுகுவதில்லை. அப்படியே படிந்துகொண்டே போகும், அந்தப் படிவுதான் பீட். ஆயிரக்கணக்கான வருடம் போனபின் அது சுற்றுவட்டார நிலத்தைவிட உயர்ந்துவிடுகிறது. ஆற்றுநீர் அங்கே ஏறாது. ஓடைநீர் ஏறாது. வானத்திலிருந்து விழுகிற மழைதான் அதற்குச் சோறு, தண்ணீர் எல்லாம்.

எங்களைக் கூட்டிப்போனவர் அந்த ஊர்க்காரர், பரம்பரையாக அந்தப் படிவை வெட்டிக் காயவைத்துக் கரியாக அடுப்பெரித்த குடும்பம். "குதித்துப் பார்" என்றார். குதித்தேன். பத்தடி தள்ளி நின்ற ஒரு குட்டை மரம் ஆடியது. நான் நின்றுகொண்டிருந்தது ஒரு பெரிய உயிரின் வயிற்றின் மேல் என்று தோன்றியது.

அவர் மண்வெட்டியால் ஒரு கட்டி வெட்டித் தந்தார். "பிழி. விரலிடுக்கில் தெளிந்த நீர் வந்தால் இளசு. கறுப்பாக வந்தால் முதிர்ந்தது. பாதிச் சதையும் சேர்ந்து வந்தால், அதன் மேல் எதையும் கட்டாதே." அவ்வளவுதான் பாடம். எந்தக் கருவியும் வேண்டாம், கை போதும்.

அந்த மேட்டில் பூச்சி தின்னும் செடி உண்டு, சிவப்பு மயிர்க்கால்களில் பசைத்துளியோடு. மண்ணில் சத்தில்லாததால் ஈயைப் பிடித்துத் தின்று பிழைக்கிறது. நீண்ட வளைந்த மூக்குள்ள பறவை தரையில் கூடு கட்டியிருந்தது. அந்த மேட்டுக்கடியில் ஆயிரம் வருடத்துக்கு முன் யாரோ புதைத்த வெண்ணெய்கூடக் கிடைக்கும் என்றார், கெடாமல். அதைவிடப் பெரிய விஷயம், அவ்வளவு செடியும் அழுகாமல் கிடப்பதால் அவை காற்றிலிருந்து உறிஞ்சிய கரியும் அங்கேயே கிடக்கிறது. ஓரத்தில் ஒரு கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் போதும். காற்று உள்ளே போகும். அழுகல் தொடங்கும். மேடு தொய்ந்து தணியும். அத்தனை ஆயிரம் வருடக் கரியும் கரியமில வாயுவாகக் காற்றில் போகும்.

"எங்க தாத்தா காலத்தில் இதைப் பாழ்நிலம் என்றுதான் பதிவேட்டில் எழுதினார்கள்" என்றார் அவர். எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. எங்கும் அதை எழுதுகிறவர்கள் என்னைப்போல் படித்தவர்கள்தான்.

தேங்காய் விளையும் ஊரில்

இப்போது அயர்லாந்து போன்ற நாடுகளில் பலர் விழித்துக்கொண்டார்கள். வெட்டிய கால்வாய்களை அடைத்து, நீரைத் தேக்கி, பாசியைத் திரும்ப வளர்க்கப் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் இன்னும் மிச்சமிருக்கும் மேடுகளை இயந்திரம் வைத்துச் சுரண்டுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். சுரண்டியது பையில் ஏறி, கப்பல் ஏறி, மயிலாப்பூர் மொட்டைமாடிக்கு வருகிறது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தக் கரிக்கு மாற்றாக அவர்களுக்கு நம் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் நார்த்தூள் கப்பல் கப்பலாகப் போகிறது. அவர்கள் தோட்டத்துக்கு நம் நார். நம் தோட்டத்துக்கு அவர்கள் கரி. தேங்காய் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, பூமியின் மறுகோடியில் ஐயாயிரம் வருடம் வளர்ந்த ஒன்றைத் தொட்டியில் கொட்டித் தக்காளி வளர்ப்பதற்குப் பெயர் இயற்கை விவசாயம்!

மாடித்தோட்டக்காரர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். தெரியாமல் செய்தீர்கள். ரம்யாவும் தெரியாமல்தான் வாங்கினாள். தெரிந்து செய்தவன் ஒருவன் இருக்கிறான்.

காதர் பாய் சொன்னது

அயர்லாந்திலிருந்து திரும்பிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தியாகராய நகரில் ஒரு தனியார் ஆலோசனை அலுவலகத்தில் எனக்குத் தலைமைப் பொறியாளர் பதவி புதிதாகக் கிடைத்திருந்தது. கதவில் பெயர்ப்பலகை மாட்டிய சந்தோஷம் இன்னும் தீராத நாட்கள்.

வேளச்சேரிக்குத் தெற்கே அப்போது கழுவெளிச் சதுப்பு கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. சுற்றிலும் இருந்த ஏரிகளின் உபரிநீரெல்லாம் அங்கே வந்து பரந்து, நாணலுக்குள் தங்கி, மெதுவாகக் கடலுக்குப் போகும். கோரை ஆளுயரம் வளர்ந்திருக்கும். நீர்க்கோழிகளின் சண்டைச் சத்தம் எந்நேரமும் கேட்கும். அதன் ஓரத்தை நிரப்பி மனை போடப்போவதாக ஒருவர் வந்தார். மண் பார்க்கும் வேலை எங்களுக்கு.

துளை போடுகிறவர் காதர் பாய். மீர்சாகிப்பேட்டைக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முக்காலி நட்டு, திருகுக்குழாயை இறக்கி, ஒவ்வொரு அடிக்கும் மண்ணை மேலே எடுத்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மெழுகு ஊற்றி மூடி, சீட்டு ஒட்டுவார். மண்ணின் ஈரம் போகாமல் பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த மெழுகு.

மூன்றடி வரை சாதாரணக் களிமண். அதன் பிறகு குழாய் தானாக இறங்கியது. பாய் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இங்க வந்து பாருங்க. நான் அமுக்கவே இல்ல, அதுவா உள்ள போவுது."

மேலே வந்தது கறுப்பாக இருந்தது. அழுகிய முட்டை நாற்றம். உள்ளே கோரைத் தண்டு, வேர், இலை எல்லாம் அப்படியே, நேற்று பறித்ததுபோல. எந்த நூற்றாண்டுக் கோரையோ!

பாய் ஒரு தண்டை உருவி எடுத்துக் காட்டினார். "இது மண்ணு இல்ல சார், ஊறுகா. பூமி போட்டு வெச்சிருக்கிற ஊறுகா. இதும் மேல எவனாவது வூடு கட்டுவானா?"

நான் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் கறுப்பு நீரும் பாதிச் சதையும் சேர்ந்து வந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். நம் கழுவெளி அந்த ஊர் மேட்டைப் போன்றதில்லை. அது மழையை மட்டும் குடித்து உயரும். நம்முடையது பள்ளமாகக் கிடந்து ஊர் நீரையெல்லாம் வாங்கும். பாசி வேறு, பறவை வேறு, வெயில் வேறு. ஆனால் நீருக்கடியில் செத்த செடி அழுகாமல் தங்குகிறது என்கிற விதி ஒன்றுதான். அதை வடித்தால் தொய்யும், அதன் மேல் பாரம் ஏற்றினால் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும் என்பதும் ஒன்றுதான். அந்த ஓரத்தை நான் பார்த்த நிமிடமே எனக்கு இவ்வளவும் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

துளை பத்தடியைத் தாண்டியபோதுதான் சாம்பல் களி வந்தது. நடுவில் ஏழடி கறுப்பு. என் களக் குறிப்பேட்டில் எழுதினேன்: 'கறுப்பு, நார், துர்நாற்றம். மூன்றடி முதல் பத்தடி வரை.'

அலுவலகத்தில் அறிக்கையைத் தட்டச்சுக்கு அனுப்பும் முன் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அதட்டவில்லை. அந்த வரியின் மேல் பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டு, "இது அவசியமா? களிமண்ணுன்னு பொதுவா போட்டா போதாதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை. அவசியம் என்று நான் சொல்லியிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார். நான் சொல்லவில்லை. கதவில் என் பெயர் புதிதாக இருந்தது.

அறிக்கை இப்படிப் போயிற்று: 'மென்களி. நிரப்பி அழுத்தியபின் குடியிருப்புக்கு உகந்தது. தற்போது பயனற்ற நிலம்.' கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. நானாகவே சேர்த்தேன்.

விஷயம் தெரிந்து காதர் பாய் அலுவலக வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், அந்தக் கறுப்பு எங்க சார் போச்சு?"

"நீ குழாயை இறக்கு பாய். எழுதறது என் வேலை" என்றேன்.

அன்று சாயங்காலம் கறுப்பு மண் பாட்டில்களைக் கொட்டச் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. களக் குறிப்பேட்டோடு சேர்த்து பரண் மேல் வைத்தேன்.

வசந்தாவின் கதவு

மனைகள் விற்க ஆரம்பித்தபோது என் தங்கை வசந்தா புருஷனோடு வந்தாள். அவர் வங்கியில் குமாஸ்தா. சொந்த வீடு என்பது அவர்கள் இருவருடைய ஒரே ஆசை.

"அண்ணா, அந்த வேளச்சேரி இடம் நீ மண் பார்த்ததாமே? வாங்கலாமா?"

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் நான் எழுதியது பொய் என்று ஆகும்.

"தாராளமா வாங்கு" என்றேன்.

வீடு கட்டிய இரண்டாம் வருடம் வாசற்கதவு நிலையில் சிக்கியது. "புது வீடு, கொஞ்சம் உட்காரும்" என்றேன். அடுத்த வருடமும் சிக்கியது. நான் என் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் கதவின் மேல்விளிம்பை இழைத்துச் சரிசெய்து கொடுத்தேன். அதற்கடுத்த வருடமும். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவது வழக்கமாகிவிட்டது. அவள் எனக்காக வெண்பொங்கல் பண்ணி வைப்பாள். கதவு வருடத்துக்கு ஒரு நூல் குறையும். இப்போது அதன் மேல்பக்கம் ஒருபுறம் கோணலாக, ஆப்பு மாதிரி இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் வீடே தலையைச் சாய்த்துக்கொண்டு யோசிப்பது மாதிரி இருக்கும்.

பெருமழை வந்த வருடங்களில் அவள் வீட்டில் தண்ணீர் ஜன்னல் வரை வந்தது. அவள் புருஷன் அப்படியொரு மழைக்கு அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். அவள் அங்கேயே இருக்கிறாள்.

மொட்டைமாடியில் நான் ரம்யாவிடம் கத்திய அதே வாரம் வசந்தா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, எங்க கொல்லைக்குப் பின்னால கொஞ்சம் கழுவெளி மிச்சம் இருக்கே, அதையும் நிரப்பி அடுக்குமாடி கட்டப்போறாளாம். மழைத் தண்ணி போறதுக்கு இருக்கறதே அந்த ஒரு இடம்தான். அதுவும் போச்சுன்னா நாங்க பரண்லதான் படுத்துக்கணும். மண்டபத்துல கருத்துக் கேட்பு வெச்சிருக்கா. நீ வந்து பேசணும். மண்ணைப் பத்தித் தெரிஞ்சவன் நீதானே."

"நான் என்னம்மா பேசறது..."

"அவா கையில ஏதோ பழைய மண் ரிப்போர்ட் வெச்சிருக்காளாம். ஒண்ணுமில்லாத பாழ் நிலம், வெறும் களிமண்ணுன்னு எழுதியிருக்காம். எவன் எழுதினானோ, கட்டையில போறவன்!"

தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் "ஹலோ, ஹலோ" என்றாள்.

பாட்டில்

மறுநாள் மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். காதர் பாய் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்வை போய்விட்டது. என் குரலை வைத்துக் கண்டுபிடித்தார்.

"சாரா? வாங்க வாங்க. இன்னா இவ்ளோ வருசம் கழிச்சு? துளை எதுனா போடணுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சாட்சியாக மண்டபத்துக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"நான் வந்து இன்னா சார் பண்றது? அப்போ எழுதறது உங்க வேலைன்னீங்க. இப்போ மட்டும் என் வாய் வோணுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குக் கண் தெரியாது என்றாலும் குனிந்துகொண்டேன்.

"அந்த பாட்டிலு கீதா?" என்று கேட்டார்.

"எந்த பாட்டில்?"

"கொட்டச் சொன்னதுல ஒண்ணு கொறைஞ்சுது சார். நீங்க பையில வெச்சுக்கினு போனத நான் பார்த்தேன். கீதா இல்லியா?"

"இருக்கு பாய்."

"மெழுகு நான் ஊத்தினது. விட்டிருக்காது. அத்த எட்த்துக்கினு போயி தொறந்து காட்டுங்க. ரொம்பப் பேசாதீங்க. பேசினா திரும்பவும் அழகா எதுனா எழுதிடுவீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உள்ளே பார்த்து எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கூட்டத்தன்று திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினேன். மடியில் பாட்டில், துணிப்பையில் குறிப்பேடு. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பெர்சு, ஊறுகாயா? பொண்ணு வூட்டுக்கா?"

"தங்கை வீட்டுக்கு. ஊறுகாய் இல்லம்மா, மண்ணு."

"மண்ணா! தங்கச்சிக்கு மண்ணு எட்த்துக்கினு போற மொத அண்ணன் நீதான்யா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேளச்சேரி வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மண்டபத்தில்

கல்யாண மண்டபம். மேடையில் முந்தின நாள் முகூர்த்தத்தின் பூத்தோரணம் வாடிக் கிடந்தது. அதன் கீழே அதிகாரி, பக்கத்தில் கட்டடக்காரர்களின் ஆட்கள். முன்வரிசையில் வசந்தா. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து இடம் கொடுத்தாள். "எங்க அண்ணா. மண்ணு இன்ஜினியர்" என்று அந்தப் பக்கத்து மாமியிடம் பெருமையாகச் சொன்னாள்.

கட்டடக்காரர்களின் ஆலோசகர் முதலில் பேசினார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். ஒரு பழைய காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதே பகுதிக்கு அந்தக் காலத்திலேயே மூத்த பொறியாளர் ஒருவர் மண் பரிசோதனை செய்து கொடுத்திருக்கிறார். மென்களி. குடியிருப்புக்கு உகந்தது. பயனற்ற நிலம். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

என் வாக்கியம். என் தட்டச்சுப் பக்கம். இத்தனை வருடமாக அது எங்கோ ஒரு கோப்பில் சாகாமல் இருந்து, மிச்சமிருந்த கழுவெளியையும் விழுங்க வந்திருக்கிறது.

எழுந்தேன். "அதை எழுதினவன் நான்தான். அது பொய்" என்றேன்.

ஆலோசகர், "சார், உங்க அறிக்கையை நீங்களே மறுக்கிறீங்களா?" என்றார்.

"மறுக்கலை. பொய்னு சொல்றேன். மூணடிக்குக் கீழே ஏழடிக்குக் கறுப்பு மண் இருந்தது. பார்த்தேன், எழுதினேன், அப்புறம் எடுத்துட்டேன். பயனற்ற நிலம்னு நானாச் சேர்த்தேன். இந்த ஊர் மழை முழுக்க அதுலதான் போய் நின்னது. அதுக்குப் பயனில்லைன்னு எழுதினேன்."

சட்டைப்பையிலிருந்த பேனாக்கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திருகினேன். காதர் பாய் ஊற்றிய மெழுகு விட்டிருக்கவில்லை. நாற்றம் முன்வரிசையைத் தாண்டி மேடை வரை போயிற்று. அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். நான் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். விரலிடுக்கில் கறுப்பு நீர் வழிந்து முழங்கை வரை ஓடியது. கையை விரித்தேன். நடுவில் ஒரு கோரைத் தண்டு, கணு தெரிய, முழுசாக.

"இது இந்த இடத்து மண்ணுதான்னு என்னய்யா ஆதாரம்?" என்றார் அதிகாரி.

குறிப்பேட்டைக் கொடுத்தேன். "அதுவும் போதலைன்னா பின்னாடி போய்த் தோண்டிப் பாருங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார். "யோவ் பெர்சு! உன்னாலதான்யா வருசா வருசம் எங்க வூட்டுக் கட்டில் மெதக்குது! இப்போ பாட்டில் தூக்கிக்கினு வந்து நல்லவனாயிட்டியா?"

"இல்லப்பா" என்றேன். வேறென்ன சொல்வது? அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை.

புதிதாகத் துளையிட்டு மண் பார்க்கும்வரை முடிவை நிறுத்திவைப்பதாக அதிகாரி சொன்னார். இதை வெற்றி என்று நினைக்க எனக்கு வயதாகிவிட்டது. நிறுத்திவைத்த எத்தனையோ விஷயங்கள் ஒரு வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் கையெழுத்தானதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையெழுத்துகளில் சில என்னுடையவை. புதிதாகத் துளை போட வருகிறவருக்கு மேலே ஒரு முதலாளி இருப்பார், அவர் கையிலும் ஒரு பென்சில் இருக்கும். அந்தப் பொறியாளர் இதைப் படித்தால் சொல்கிறேன்: ஐயா, அந்த வரி அவசியம்.

திரும்பிப் பார்த்தபோது வசந்தாவின் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் வீட்டுக்கு நடந்தேன். இரண்டு தெரு. கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. அவள் வாசலில் நின்று தோளால் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்த வருட மழையில் கதவு மறுபடி சிக்கியிருந்தது. நான் ஒத்தாசைக்குக் கை நீட்டினேன். "தொடாதே" என்றாள். தானே தள்ளித் திறந்து உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். கதவு தானாகச் சாய்ந்து மூடி மறுபடி சிக்கிக்கொண்டது.

கூடத்தில் நின்றோம். தரையில் ஒரு சாய்வு உண்டு. உருண்டையாக எது விழுந்தாலும் கொல்லைப்பக்கம் ஓடும்.

"அண்ணா, வருஷா வருஷம் இழைப்புளியை எடுத்துண்டு வந்தியே."

"ஆமா."

"பொங்கல் சாப்டுண்டே, வீடுன்னா உட்காரத்தான் செய்யும்னு சொன்னியே. தெரிஞ்சுண்டேவா சொன்னே?"

"தெரிஞ்சுண்டேதான்."

"அவர் இருந்தப்போ, மண்ணைப் பத்தி உன் அண்ணாவுக்குத் தெரியாததான்னு சொல்லிச் சொல்லியே போயிட்டார்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"தை மாசம் வரேம்மா. கதவை..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம். இனிமே அதை யாரும் இழைக்கக் கூடாது. புதுசா மண் பார்க்க வரப்போறாளோன்னோ, அவா ஒவ்வொருத்தரும் இந்தக் கதவைத் தோளால தள்ளிண்டு உள்ளே வரட்டும். என்னன்னு கேக்கட்டும். நான் சொல்றேன்."

சமையலறைக்குள் போகத் திரும்பியவள் நின்றாள்.

"நீ கொல்லை வழியாப் போ. இந்தக் கதவை உனக்காகத் திறக்க எனக்குத் தெம்பில்லை."

கொல்லைக்கதவைத் திறந்து வெளியே வந்தேன். சுற்றுச்சுவருக்கு அப்பால் மிச்சமிருந்த கழுவெளி. கோரைக்குள் ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு போனது. அதன் ஓரத்தில் இடித்த கட்டடக் கப்பியை யாரோ ஏற்கெனவே இரண்டு லாரி கொட்டி வைத்திருந்தார்கள். தெருவுக்குப் போக அந்தக் கரையோரம் நடந்துதான் ஆக வேண்டும். முதல் அடியிலேயே செருப்பு உள்ளே போயிற்று. இழுத்தேன், கணுக்கால் வரை கறுப்பு. அதே நாற்றம்.

அப்படியே ரயிலேறி மயிலாப்பூர் வந்து சேர்ந்தேன். பெட்டியில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.